தலை மேலா, வால் மேலா

சிவமயம்

சண்டிலிப்பாய்,
20.8.1992

அன்புள்ள அத்தானுக்கு,

வளவு வைரவர் காவலில் நானும் பிள்ளை வதனியும் சுகமாக இருக்கிறோம். கிணறு வற்றவில்லை, பசுவும் ஒரு நேரமாவது பால் தருகிறது. உங்கள் அகதி வழக்கு என்ன பாடோ, ஜெர்மனியில் அந்த ஹோட்டல் குசினியில் நின்று நின்று கால் வீங்குகிறதோ என்பதுதான் எங்கள் யோசனை.

உங்கள் பங்குனிக் கடிதம் ஆடி முடியத்தான் கைக்கு வந்தது. இடையில் எந்தெந்த ஊர் பார்த்ததோ, உறை முழுக்க முத்திரை. இந்தக் கடிதத்தை வதனியின் கணக்கு வாத்தியார் கொண்டுபோகிறார். கிளாலிக் கடலால் கொழும்புக்குப் போய் அங்கே தபாலில் போடுவார். அடுத்த ஆள் எப்போது போகுமோ தெரியாது. அதனால் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் எழுதப் போகிறேன். ஆறுதலாக இருந்து வாசியுங்கள்.

முதலில் ஒரு புது ஆளைப் பற்றிச் சொல்ல வேண்டும். குருநகரில் கரையோரம் குண்டு விழுந்து வீடிழந்த குடும்பங்கள் நிறையப் பேர் இப்போது எங்கள் பக்கம் வந்திருக்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் இடமில்லாமல் வீடு வீடாகக் கேட்டு வந்தவர்களில் ஒருத்தி அற்புதராணி. என்னைவிடக் கொஞ்சம் இளமை. புருஷன் இரண்டு வருடத்துக்கு முன்னர் கடலுக்குப் போனவர், திரும்பவில்லை. துணைக்கு அவளுடைய தமையன் கிறகோரி மட்டும்தான். மாட்டுக் கொட்டிலுக்குப் பக்கத்தில் கிடந்த சாமான் அறையை அவர்களுக்கு ஒதுக்கிக் கொடுத்தேன். உங்கள் முருகேசு அண்ணைக்கு அது பிடிக்கவில்லை. கிணற்றில் அள்ள விட்டது அதைவிடப் பிடிக்கவில்லை. சனம் என்ன கதைக்கும் என்று கேட்டார். தண்ணீர் அள்ளுவதைப் பார்த்துக்கொண்டிருக்கச் சனத்துக்கு வேறு வேலை இல்லையா என்று நான் கேட்டேன். அதன் பிறகு ஒரு கிழமை அவர் எங்கள் படலையைத் திறக்கவில்லை. வீடு அமைதியாக இருந்தது.

வந்த மறுநாளே அற்புதராணி எங்கள் புகையிலைக் குடிலைச் சுற்றிச் சுற்றி வந்தாள். நீங்கள் போன பிறகு அது பூட்டியே கிடக்கிறது. புகையிலை தெற்குக்குப் போக வழியில்லாததால் அண்ணை தோட்டத்தில் வெங்காயமும் மரவள்ளியும்தான் போடுகிறார். ஜன்னல் இல்லாத வீட்டை எதற்குக் கட்டினீர்கள் என்று அவள் கேட்டாள். நான் திறந்து காட்டினேன். நிலத்தில் கிடங்கு, கிடங்கில் தேங்காய்ப் பொச்சுமட்டை, அதை எரிய விடாமல் புகைய மட்டும் விடுவது, மேலே கம்புகளில் இலையைத் தொங்கவிடுவது எல்லாம் சொன்னேன். புகை கூடினால் என்ன, குறைந்தால் என்ன, தீ பிடித்தால் என்ன என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். என்னைப் போல இன்னொருத்தி உலகத்தில் இருக்கிறாள் என்று அன்றுதான் கண்டேன். கடைசியில் நிமிர்ந்து கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்:

"அக்கா, உதுக்குள்ளை மீனைத் தொங்கவிட்டால் என்ன?"

உங்களுக்கு இது விசர்க் கதையாகத் தெரியும். ஆனால் யோசித்துப் பாருங்கள். தூரக் கடலுக்குப் போகத் தடை. கிறகோரி அண்ணை நாவாந்துறைப் பக்கம் கரையை அண்டித்தான் தொழில் செய்கிறார். சில நாள் ஒன்றும் இல்லை. சில நாள் மணலை மீனும் திரளியும் ஒரேயடியாக வந்து விழுகிறது. அன்றைக்கு விற்காதது அன்றைக்கே நாறும். மின்சாரம் இல்லாத ஊரில் ஐஸுக்கு எங்கே போவது? கருவாடு போடலாம் என்றால் உப்பு வேண்டும். ஆனையிறவில் உப்பு அள்ளுவது நின்றதிலிருந்து உப்பை மருந்து மாதிரித்தான் விற்கிறார்கள். நல்ல மீனை நிலத்தில் வெட்டித் தாட்டதை நான் கண்ணால் பார்த்தேன். மாசிக் கருவாடு இல்லாமல் சம்பல் இடிக்கும் ஊரில் மீனை மண்ணுக்குள் தாட்டால் யாருக்கு வயிறு எரியாது?

ஆகவே செய்து பார்த்தோம். மீனை வெட்டுவதும் அவிப்பதும் அவள் பொறுப்பு, புகை என் பொறுப்பு. பனை ஈர்க்கில் கோத்து, இலை தொங்கிய அதே கம்புகளில் தொங்கவிட்டோம். வெளியே எடுத்தபோது நல்ல பொன் நிறம். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இவ்வளவு காலமாக மூஞ்சியைத் தூக்கி வைத்திருக்கிற உங்கள் அண்ணைக்குத்தான் முதலில் கொடுக்க வேண்டும் என்று ஒரு துண்டைச் சுட்டுப் பாணோடு கொண்டுபோய்க் கொடுத்தேன். நல்ல ருசி என்று இன்னொரு துண்டும் கேட்டு வாங்கினார்.

பிறகு விக்கல் பிடித்தது. மத்தியானம் பிடித்த விக்கல் பின்னேரம் வரை நிற்கவில்லை. தலை சுற்றுகிறது என்று முருங்கைக்குக் கீழே பாயைப் போட்டுப் படுத்துவிட்டார். நானும் அற்புதராணியும் ஆளுக்கொரு துண்டு தின்று பார்த்தோம். வாய்க்குள் சுருட்டைக் கடித்தது மாதிரி இருந்தது. இத்தனை வருடமாக உங்கள் புகையிலையைக் குடித்த சுவர், குடித்ததை எல்லாம் மீனுக்குள் கக்கியிருக்கிறது. எனக்கு ஒரு பக்கம் பயம், ஒரு பக்கம் சிரிப்பு, அதற்கும் மேலாக, சுவருக்குள் போனதை எப்படி வெளியே எடுப்பது என்ற யோசனை.

என் குணம் உங்களுக்குப் புதிதில்லையே. கலியாணம் முடித்த கிழமையே உங்கள் தண்ணீர் இறைக்கிற மிசினைக் கழற்றி விறாந்தை முழுக்கப் பரப்பினேன். மாமி தலையில் கை வைத்தார். நீங்கள் ஏசவில்லை. பக்கத்தில் வந்து குந்தியிருந்து, இந்த வால்வு என்ன செய்யுது என்று பார்ப்பம் என்றீர்கள். அன்றுதான் இந்த மனிதரோடு காலம் தள்ளலாம் என்று நினைத்தேன்.

இப்போது இரண்டு விஷயம். ஒன்று, விக்கல் நின்ற பிறகு அண்ணை ஒரு முடிவோடு வந்தார். குடிலைப் பிரித்து, அதில் உள்ள பனை மரங்களைத் தன் வீட்டுப் பதுங்குகுழிக்குப் போடப் போகிறாராம். உங்களுக்கு எழுதிக் கேட்பாராம். தயவுசெய்து சம்மதம் எழுதிவிடாதீர்கள். அவருக்கு வேறு மரம் நான் பார்த்துக் கொடுக்கிறேன்.

மற்றது, வேலைக்குப் போகிற வழியில் ஒரு கடையில் புகையில் வாட்டிய மீன் தொங்குகிறது என்று முன்பு எழுதியிருந்தீர்கள். அதை அவர்கள் எப்படித் தொங்கவிடுகிறார்கள்? தலை மேலா, வால் மேலா? நாங்கள் வாலில் கோத்தோம், பாதி கழன்று கிடங்கில் விழுந்துவிட்டது. போகிற வழிதானே, ஒருக்கால் நின்று பார்த்து எழுதுங்கள்.

சப்பாத்துக்குள் ஈரம் நிற்க விடாதீர்கள். வைரவர் துணை.

இப்படிக்கு,
உங்கள் மங்கை


சிவமயம்

சண்டிலிப்பாய்,
14.2.1993

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கடிதம் பொங்கலுக்கு மறுநாள் வந்தது. கால் வீக்கம் குறைந்தது அறிந்து மனம் ஆறியது. இங்கே வதனிக்கு ஒரு தடிமன் காய்ச்சல், இப்போது சுகம். சோதனைக்குப் படிக்கிறாள். உங்கள் படத்தைக் கேட்கிறாள். பழைய படத்தில் இருக்கிற மாதிரி மீசை இன்னும் இருக்கிறதா என்று அறிய வேண்டுமாம்.

கடிதத்தின் மற்றப் பகுதியையும் வாசித்தேன். மூன்று முறை வாசித்தேன். இராசநாயகம் பெண்சாதி மீன் விற்கிறாள் என்று ஊர் சொல்லாதா, பெண்பிள்ளை இருக்கிற வீட்டில் மீன் நாற்றம் அடித்தால் நாளைக்கு யார் கேட்டு வருவார்கள், நான் இங்கே பாத்திரம் கழுவி அனுப்புகிற காசு போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள். கோபத்தில் எழுதினது என்று எழுத்துச் சாய்ந்திருப்பதிலேயே தெரிந்தது. எனக்கும் கோபம் வந்தது, மறைக்கவில்லை. ஆனால் நான் கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் இல்லை. தலை மேலா, வால் மேலா?

குடிலைப் பிரிக்கும்படி நீங்கள் எழுதவில்லை. அதற்கு நன்றி. உங்கள் அண்ணைக்கு அற்புதராணி கோயிலடிப் பக்கத்தில் விழுந்து கிடந்த பனை ஒன்றைக் கண்டுபிடித்துக் கொடுத்தாள். பதுங்குகுழி நன்றாக வந்திருக்கிறது. மழைக்கு உள்ளே தவளைகள்தான் குடியிருக்கின்றன.

சுவர் விஷயத்தை நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் சொல்லாமல் இருக்க என்னால் முடியாது. முதலில் கழுவினோம், சரிவரவில்லை. வேப்பிலை போட்டுப் புகைத்தோம், மீன் கைத்தது. பிறகு மண்வெட்டியால் உள் சுவரை ஒரு விரல் கனத்துக்குச் செதுக்கினோம். அந்த மண்ணைத் தோட்ட வரம்பில் கொட்டியதும் எறும்புகூட அந்தப் பக்கம் வரவில்லை. புற்றுமண்ணும் சாணியும் குழைத்துப் புதிதாகப் பூசினோம். கூரை ஓலையை மாற்றினோம். கம்புகளை எல்லாம் விறகுக்கு எறிந்துவிட்டுப் புதிது வெட்டினோம். அதன் பிறகு எடுத்த மீனில் புகையிலை மணம் இல்லை, ஆனால் ருசியும் இல்லை. பொச்சுமட்டைப் புகை மட்டும் போதவில்லை என்று நினைத்தோம். போன மாதம் பனங்கிழங்கு கிண்டின பிறகு வளவுக்குள் பனங்கொட்டை ஊமல் குவிந்து கிடந்தது. அடுப்புக்கு வைத்திருந்ததில் கொஞ்சத்தைக் கிடங்கில் போட்டுப் பார்த்தேன். அத்தான், அந்த வாசம்! கிறகோரி அண்ணை சைக்கிளை விட்டு இறங்காமலே படலையடியில் நின்று மூக்கை உறிஞ்சினார்.

இப்போது பள்ளிக்கூடத்தில் தங்கியிருக்கிற குருநகர்ப் பெண்கள் ஐந்து பேர் மீன் வெட்ட வருகிறார்கள். வெள்ளிக்கிழமை நான் மீன் தொடுவதில்லை, அற்புதராணி பார்ப்பாள். ஞாயிற்றுக்கிழமை அவள் பூசைக்குப் போவாள், நான் பார்ப்பேன். வைரவருக்குப் புகை போகாமல் குடில் வாசலை மற்றப் பக்கம் மாற்றிவிட்டோம். அவர் ஒன்றும் சொல்லவில்லை. உங்கள் அண்ணைதான் சொல்கிறார்.

செய்வது லேசு, விற்பதுதான் பாடு. சந்தையில் கடைக்காரரிடம் கொண்டுபோனால் மீனைப் பார்க்கிறார்கள், மணந்து பார்க்கிறார்கள், பிறகு எங்களுக்குப் பின்னால் எட்டிப் பார்க்கிறார்கள். வீட்டில் ஆம்பிளைகள் ஒருவரும் இல்லையா, அவர்களை அனுப்புங்கள், விலை கதைப்போம் என்கிறார்கள். சரி என்று கிறகோரி அண்ணையை அனுப்பினோம். அந்த மனிதர் புயலுக்குள் தோணி விடுவார், ஆனால் விலை கதைக்க வராது. உங்களுக்கு விருப்பமானதைத் தாருங்கோ என்று சொல்லிவிட்டு நிற்பாராம். இரண்டு முறையோடு அவரைக் கடலுக்கே திருப்பி அனுப்பிவிட்டோம். பிறகு நானே சங்கக்கடை வரிசையில் நிற்கிற பெண்களிடம் கடகப் பெட்டியோடு போனேன். முதல் நாள் என் சொந்த மச்சாள் என்னைத் தெரியாத மாதிரி மற்றப் பக்கம் திரும்பினாள். அடுத்த கிழமை அவள்தான் முதலில் கையை நீட்டினாள். சம்பலுக்கு மாசியைவிட இது நல்லதாம்.

இந்த வாசம் சுன்னாகம் வரை போய்விட்டது. அங்கே கடை வைத்திருக்கிற கனகலிங்கம் முதலாளி நேரில் வந்தார். மிகவும் மரியாதையான மனிதர். விறாந்தையில் இருந்து தேத்தண்ணீர் குடித்து, எங்கள் மீனைத் தின்று, தலையை ஆட்டினார். பிறகு குடிலைப் பத்து வருடக் குத்தகைக்குத் தாருங்கள் என்றார். நாங்கள் இரண்டு பேரும் நாட்கூலிக்கு அங்கேயே நிற்கலாமாம். பெண்களுக்கு எதற்கு அலைச்சல், சம்பளத்தை வாங்கிக்கொண்டு நிம்மதியாக இருங்கள் என்று சொன்னார். நான் முடியாது என்றேன். அவர் என்னோடு மேற்கொண்டு கதைக்காமல் நேரே உங்கள் அண்ணை வீட்டுக்குப் போனார்.

அன்று பின்னேரம் அற்புதராணி ஊமலைக் கொத்திக்கொண்டே சொன்னாள். அவள் சத்தமாகக் கதைக்கிறவள் இல்லை.

"அக்கா, ஒரு வீட்டை விட்டு ஓடி வந்திட்டன். இன்னொருத்தர் எழும்பெண்டால் எழும்புற இடத்திலை என்ரை உழைப்பைப் போட ஏலாது. எழுத்திலை இருந்தால் நிக்கிறன். இல்லாட்டி அண்ணையோடை கிளிநொச்சிப் பக்கம் போறன்."

அவள் கேட்டது நியாயம். அவள் போனால் இந்தக் குடில் வெறும் புகைதான். அதனால் மானிப்பாயில் பத்திரம் எழுதுகிற நொத்தாரிசிடம் போனேன். குடிலும் அது நிற்கிற துண்டும் என் சீதனம். அதை எனக்கும் அவளுக்கும் சேர்த்துப் பத்து வருடத்துக்கு எழுத வேண்டும் என்றேன். அவர் என்னை இருத்தி விளங்கப்படுத்தினார். காணி என்னுடையதுதானாம். ஆனால் எங்கள் தேசவழமைச் சட்டப்படி, புருஷன் எழுத்தில் சம்மதம் தராமல் நான் அதை விற்கவோ, ஈடு வைக்கவோ, குத்தகைக்குக் கொடுக்கவோ முடியாதாம். என்னுடைய பொருளில் நான் கை வைக்க ஜெர்மனியில் இருந்து கடதாசி வர வேண்டுமாம். ஏன் அப்படி என்று கேட்டேன். அது அப்படித்தான் என்றார். எவ்வளவு காலமாக என்று கேட்டேன். ஒல்லாந்தர் காலத்தில் எழுதி வைத்தது என்றார். ஒல்லாந்தருக்கு என் குடிலில் என்ன அலுவல் என்று கேட்க வாய் வந்தது, கேட்கவில்லை.

ஆகவே கேட்கிறேன். இதோடு ஒரு மாதிரிக் கடதாசி வைத்திருக்கிறேன். அங்கே ஒரு சட்டத்தரணி முன்னால் ஒப்பம் வைத்து அனுப்புங்கள். அண்ணையும் உங்களுக்கு எழுதுவார். கனகலிங்கத்துக்குக் கொடுக்கும்படி எழுதுவார். இரண்டு கடிதமும் ஒரே ஆளிடம்தான் கொழும்புக்குப் போகிறது. எதை முதலில் உடைப்பீர்களோ.

காசு போதாதா என்று கேட்டிருந்தீர்கள். நீங்கள் அனுப்புவதை நான் குறை சொல்லவில்லை. உங்கள் கடிதம் நாலு மாதம் வராமல் இருந்தபோது நான் வாசலைப் பார்த்தபடி இருந்தேன். இப்போது குடிலுக்குள் நிற்கும்போது வாசலைப் பார்ப்பது குறைந்திருக்கிறது. அது உங்களை மறந்ததால் இல்லை.

குளிருக்கு நன்றாகப் போர்த்துக்கொள்ளுங்கள். தலை மேலா, வால் மேலா என்பதையும் மறந்துவிடாதீர்கள். எங்களுக்கு இன்னமும் கழன்று விழுகிறது.

இப்படிக்கு,
உங்கள் மங்கை


சிவமயம்

சண்டிலிப்பாய்,
27.6.1993

அன்புள்ள அத்தானுக்கு,

வதனி சோதனை நன்றாகச் செய்திருக்கிறாள் என்று சொல்கிறாள். பெறுபேறு வந்தபின் எழுதுகிறேன். பசு கன்று போட்டிருக்கிறது, நெற்றியில் வெள்ளை. சோளகக் காற்று நன்றாக அடிக்கிறது. நானும் நன்றாக இருக்கிறேன். இனி எழுதப் போவதை வாசித்துவிட்டு எனக்கு ஏதோ பிடித்துவிட்டது என்று நினைக்க வேண்டாம்.

உங்கள் ஒப்பம் வந்து சேர்ந்தது. நான் அனுப்பிய கடதாசியில் இல்லை, அண்ணை அனுப்பிய கடதாசியில். குடிலைக் கனகலிங்கத்துக்குப் பத்து வருடம் கொடுக்கச் சம்மதம் என்று எழுதி, சட்டத்தரணியின் முத்திரையும் குத்தியிருந்தீர்கள். அண்ணை அதைக் கொண்டுவந்து காட்டினபோது அற்புதராணியும் நின்றாள். அன்றைக்கு வந்த மீனை மட்டும் வெட்டி முடித்தாள். கத்தியைக் கழுவி, துடைத்து, தன் பெட்டிக்குள் வைத்தாள். வழக்கமாக அது குடில் வாசலில்தான் இருக்கும். எனக்கு அழுகை வந்தது. கிணற்றடிக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன்.

மறுநாள் மானிப்பாய்க்குப் போனோம். அண்ணையும் கனகலிங்கமும் கதிரையில், நான் பலகை வாங்கில். நொத்தாரிசு உறுதிப் பத்திரத்தை வாசித்தார். தமிழில்தான் வாசித்தார், ஆனாலும் பாதி விளங்கவில்லை. அண்ணை தலையை ஆட்டிக்கொண்டிருந்தார், அவருக்கும் விளங்கியிருக்காது. வாசித்து முடித்து, பேனையைத் திருப்பி என் பக்கம் நீட்டி, இதில் ஒப்பம் வையும் என்றார்.

நான் பேனையை வாங்கினேன். வாங்கினவுடன் ஒரு கேள்வி வந்தது. எல்லாம் முடிந்துவிட்டது என்றால், என் ஒப்பம் எதற்கு?

கேட்டேன். நொத்தாரிசு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "காணி உம்மடை சீதனமெல்லே. நீர் வைக்காட்டி இந்த உறுதி செல்லாது" என்றார்.

அத்தான், உங்கள் ஒப்பம் இல்லாமல் நான் ஒன்றும் செய்ய முடியாது என்று கலியாண நாளில் இருந்து எத்தனை பேர் சொல்லியிருப்பார்கள். அப்பா சொன்னார், மாமி சொன்னார், அண்ணை சொன்னார், மாசி மாதத்தில் இதே மனிதர் சொன்னார். என் ஒப்பம் இல்லாமல் நீங்களும் ஒன்றும் செய்ய முடியாது என்று ஒருவராவது சொன்னார்களா? மற்றப் பாதியை அன்றைக்கு ஏன் சொல்லவில்லை என்று அவரிடமே கேட்டேன்.

"நீர் கேக்கேல்லையே, பிள்ளை" என்றார்.

இந்த ஊரில் என்னை யாரும் அப்படிச் சொன்னது இதுதான் முதல் தரம். கோயில் மணி எந்த ஊரில் வார்த்தது என்று கேட்டவள் நான். மிசினைக் கழற்றினவள் நான். என் காணியைப் பற்றி மட்டும் கேட்க எனக்குத் தோன்றவில்லை. பேனையை மூடி மேசையில் வைத்தேன். வரும்போது அண்ணை சைக்கிளில் எனக்கு முன்னாலேயே போனார், திரும்பிப் பார்க்கவில்லை. வீட்டடியில் மட்டும் நின்று, தம்பிக்கு என்ன மறுமொழி எழுதுவது என்று கேட்டார். நானே எழுதுகிறேன் என்றேன். எழுதிக்கொண்டிருக்கிறேன்.

கனகலிங்கம் காத்திருக்கவில்லை. பக்கத்து ஊரில் சும்மா கிடந்த இன்னொரு புகையிலைக் குடிலை வாடகைக்கு எடுத்து, எங்களைப் போலவே ஈர்க்கில் கோத்து, எங்களைப் போலவே ஊமலும் போட்டார். போன கிழமை சுன்னாகம் சந்தையில் பாதிச் சனத்துக்கு விக்கல். கேள்விப்பட்டு உங்கள் அண்ணை சிரித்தார். அவர் சிரித்து வெகு நாள். முதலாளி பிறகு எங்கள் படலையடியில் வந்து நின்று, என்னதான் செய்தீர்கள் தங்கச்சி என்று கேட்டார். சுவரைச் செதுக்கிய கதையைச் சொன்னேன். அற்புதராணிக்கு நான் சொன்னது பிடிக்கவில்லை. ஆனால் முதல் நாள் விறாந்தையில் இருந்தபோதே அவர் கேட்டிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பேன். அப்போது அவர் குடிலைத்தான் கேட்டார், எப்படி என்று கேட்கவில்லை.

இனி உங்கள் கடிதத்துக்கு வருகிறேன். சம்மதக் கடதாசியோடு எனக்கும் ஒரு பக்கம் எழுதியிருந்தீர்கள். மானம், மரியாதை, வதனியின் எதிர்காலம் எல்லாம் இருந்தது. அதை வாசித்து மடித்து அலுமாரிக்குள் வைத்துவிட்டேன். இரண்டு நாள் கழித்து வதனிதான் எடுத்து வாசித்துவிட்டு ஓடி வந்தாள். ஒப்பத்துக்குக் கீழே, ஓரத்தில், நுணுக்கி எழுதியிருந்ததை நான் கவனிக்கவில்லை.

"தலை மேல். கண்ணுக்குள்ளாலை கொளுக்கி போட்டிருக்கினம். வயித்தைப் பிளந்து, திரும்பி மூடாமல் ஒரு சின்னக் குச்சி குறுக்கை வைக்கினம். கடைக்காரன் உள்ளை கூட்டிக்கொண்டு போய்க் காட்டினவன்."

அத்தான், அந்தக் குச்சியை நாங்கள் யோசிக்கவே இல்லை. அன்றைக்கே செய்து பார்த்தோம். பனை ஈர்க்கைச் சிறிதாக முறித்து வயிற்றுக்குக் குறுக்கே வைத்து, தலை மேலாகத் தொங்கவிட்டோம். ஒன்றுகூட விழவில்லை. உள் பக்கமும் நன்றாகக் காய்ந்தது. முன்பு கிழமை முடியப் பூஞ்சணம் பிடித்த மீன் இப்போது மாதம் கழிந்தும் அப்படியே இருக்கிறது. இனி இதைத் தூரத்துக்கும் அனுப்பலாம். அற்புதராணி வாசலில் நின்று ஒரு மீனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். உங்கடை அவருக்கு மீன் விளங்குது அக்கா என்றாள். பிறகு பெட்டியில் இருந்து கத்தியை எடுத்துக்கொண்டு வந்தாள்.

ஆனாலும் அவள் சொன்ன சொல்லை மாற்றவில்லை. சோளகம் முடியுமட்டும் பொறுப்பாள். அதற்குள் எழுத்து வராவிட்டால் போய்விடுவாள். நானும் மறிக்க மாட்டேன். இப்போது இருக்கிற நிலையில் இந்தக் குடில் ஒருவருக்கும் இல்லை. என் ஒப்பம் இல்லாமல் உங்கள் கடதாசி செல்லாது, உங்கள் ஒப்பம் இல்லாமல் என் கடதாசி செல்லாது. இரண்டு பேருமாகத்தான் இதைப் பூட்டவோ திறக்கவோ முடியும்.

நான் யோசித்துக்கொண்டே இருக்கிறேன். வேலை முடிந்து கால் வீங்கின மனிதர், மொழி தெரியாத ஊரில், ஒரு கடைக்குள் ஏறி, கையால் காட்டி, மீன் எப்படித் தொங்குகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த வெள்ளைக்காரன் என்ன நினைத்திருப்பான்? எந்தச் சொல்லில் கேட்டீர்கள்? உள்ளே எப்படி இருந்தது, கிடங்கா, பெட்டியா, என்ன மரம் போடுகிறார்கள்? இவ்வளவும் எழுதாமல் ஓரத்தில் நாலு வரியோடு நிறுத்திவிட்டீர்கள். கோபத்தோடு இருக்கிற ஆள் அந்தக் கடைக்குள் போயிருக்க மாட்டார் என்று எனக்குத் தெரியும்.

கொழும்பில் இருந்து உங்கள் பக்கம் வருகிற ஒருவரிடம் கொடுக்கச் சொல்லி, குச்சி வைத்து வாட்டிய மணலை இரண்டு அனுப்புகிறேன். சோதனைச் சாவடியில் பறிக்காவிட்டால் வந்து சேரும். சுட்டுச் சாப்பிடுங்கள். விக்கல் வராது.

அதோடு அந்தக் கடதாசியையும் இன்னொரு முறை வைக்கிறேன். அதை முருகேசு அண்ணையின் தம்பியிடம் நான் கேட்கவில்லை. கடைக்குள் ஏறி மீனைப் பார்த்த மனிதரிடம் கேட்கிறேன். அன்றைக்கு விறாந்தையில் மிசினுக்குப் பக்கத்தில் வந்து குந்தின மாதிரி, இதற்கும் ஒருக்கால் என் பக்கத்தில் வந்து குந்துங்கோ, அத்தான். அங்கே இருந்தபடியே குந்தலாம். என் ஒப்பத்தை நான் வைத்துவிட்டேன், கீழே உங்களுக்கு இடம் விட்டிருக்கிறேன்.

வைரவர் உங்களுக்குக் காவல் நிற்பார்.

என்றும் உங்கள்,
மங்கையற்கரசி